அப்பீலில் 304 (கொலையாகாத மரணம்) போய் 302 (கொலை) வந்தது. ஊர் ஏன் இரண்டாகப் பேசுகிறது?

கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொண்டு படியுங்கள். சட்டம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், ஆனால் நான் கேட்பதில் பாதிதான் சட்டம்.

என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, ஆறு வருஷத்துக்கு முன்னால் வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் இறந்துபோனான். மூலத்தரைத் தடுப்பணையிலிருந்து வரும் தண்ணீரை எங்கள் பக்கம் முறை வைத்துத்தான் விடுவார்கள். அன்று ராத்திரி முறை எங்களுடையது, மடையை யாரோ திருப்பிவிட்டிருந்தார்கள், போய்க் கேட்டான். மூன்று பேர். அதில் ஒருவர் பக்கத்துத் தோட்டக்காரர், சின்ன வயதிலிருந்து நாங்கள் மாமா என்று கூப்பிட்டவர். மண்வெட்டிக் காம்பால் முழங்கால், கணுக்கால், இரண்டு கை என்று பார்த்துப் பார்த்து அடித்திருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிட்டும் விடவில்லை என்று பார்த்தவர் சாட்சி சொன்னார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

கீழ்க்கோர்ட்டில் கொலைக்குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304 பார்ட் டூ போட்டு ஏழு வருஷம் கொடுத்தார்கள். தலையில் அடி இல்லை, நெஞ்சில் இல்லை, வயிற்றில் இல்லை, அதனால் கொல்லும் எண்ணம் இருந்ததாகச் சொல்ல முடியாது என்பது காரணம். எங்கள் ஊர் கேரளாவில் என்பதால் சாட்சி வாக்குமூலம் மலையாளத்தில், தீர்ப்பு ஆங்கிலத்தில். சித்திக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அப்ப எம் பையனைக் கொல்லலீங்கறாங்களா?"

அதற்கப்புறம் சித்தியே அப்பீல் போட்டார். போன மாதம் ஹைக்கோர்ட் அதை 302 ஆக மாற்றி ஆயுள் தண்டனை கொடுத்தது.

இனிமேல்தான் என் கேள்வி. செய்தி வந்த சாயங்காலம் எங்கள் தெருப் பையன்கள் நாலைந்து பேர் வெடி வெடித்தார்கள். சித்தி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துகொண்டார், அன்று ராத்திரி யாரோடும் பேசவில்லை. டீக்கடையில் வேறு பேச்சு. "ஏழு வருஷம் குடுத்தாச்சு, அதுல பாதி கழிஞ்சும் போச்சு, மறுபடி எதுக்கு இழுக்கணும்" என்று ஒருவர். "கீழ ஒரு ஜட்ஜ் ஒண்ணு சொல்றார், மேல ஒரு ஜட்ஜ் ஒண்ணு சொல்றார், எதைத்தான் நம்பறது" என்று இன்னொருவர். பழி தீர்க்கப் போட்ட கேஸ் என்று சித்தியைப் பற்றியே ரேஷன் கடையில் பேசியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்துத் தோட்டக்காரரின் மகள் எட்டாம் வகுப்பு, என் வகுப்பில்தான் படிக்கிறாள். வெடி வெடித்த மறுநாள் வந்து கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். எனக்கு அன்று பாடமே ஓடவில்லை.

தூக்கம் வராமல் போனில் தேடியபோது தென் ஆப்பிரிக்காவின் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் வழக்கு கிடைத்தது, செயற்கைக் கால்களோடு ஒலிம்பிக்கில் ஓடினாரே அவர்தான். 2013 பிப்ரவரி 14 விடியற்காலையில் பிரிட்டோரியா வீட்டில், பூட்டிய கழிவறைக் கதவு வழியாக நான்கு குண்டு சுட்டார், உள்ளே இருந்த அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப் இறந்தார். திருடன் என்று நினைத்தேன் என்றார். 2014 செப்டம்பரில் கீழ்க்கோர்ட் கொலை இல்லை, அதற்குக் கீழான குற்றம் என்று சொல்லி, அக்டோபரில் ஐந்து வருஷம் கொடுத்தது. ஒரு வருஷத்தில் வீட்டுக்காவலுக்கு அனுப்பிவிட்டார்கள். 2015 டிசம்பர் 3-ம் தேதி ப்ளூம்ஃபோன்டைனில் மேல்முறையீட்டுக் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதைக் கொலை என்று மாற்றினார்கள். ரீவாவின் அம்மா அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அங்கேயும் ஒரு பக்கம் வரவேற்பு, ஒரு பக்கம் "திரும்பத் திரும்ப அந்த மனிதரை ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள்" என்ற கேள்வி. கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் கேட்டதையே வேறு பாஷையில் கேட்ட மாதிரி இருந்தது.

கேட்கிறேன். புது சாட்சி ஒருவரும் வரவில்லை, அதே போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், அதே காயம். அப்படியிருக்க அதே சம்பவத்துக்கு எப்படி வேறு பெயர் வருகிறது? ஊரில் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? இந்த மாதிரி தீர்ப்பு வந்த வீட்டில் இருந்தவர்கள் யாராவது இருந்தால், எப்படிக் கடந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

நகரி குமாஸ்தா எழுதியது:

டீச்சரம்மா, நான் ஆந்திராவில் நகரி, வீட்டில் தமிழ், கோர்ட்டில் தெலுங்கு. வக்கீல் குமாஸ்தாவாக 28 வருஷம் ஓட்டியிருக்கிறேன். வக்கீல் இல்லை, ஆனால் கட்டுக்கட்டாகத் தீர்ப்பு நகல் படித்தவன்.

உங்கள் தம்பி வழக்கை வாசித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ராயவரப்பு புன்னய்யா வழக்கு, 1976, சுப்ரீம் கோர்ட். குண்டூர் மாவட்டத்தில் கட்சிச் சண்டை. எதிர்க்கட்சியின் 55 வயதுப் பெரியவரை பஸ் நிற்கும் இடத்தில் மடக்கி, கனத்த தடிகளால் கால்களிலும் கைகளிலும் அடித்தார்கள். அவர் கெஞ்சினார், கேட்கவில்லை. மறுநாள் காலையில் இறந்தார். செஷன்ஸ் கோர்ட் 302 போட்டது. ஹைக்கோர்ட், உயிர் போகும் இடத்தில் அடி இல்லை என்று 304 பார்ட் டூவுக்கு இறக்கி ஐந்து வருஷம் கொடுத்தது. அரசு அப்பீலுக்குப் போய், சுப்ரீம் கோர்ட் மறுபடி 302 ஆக்கியது. உங்கள் வீட்டு வழக்கும் இதுவும் அச்சு அசல் ஒன்றாக இருக்கிறது. அடித்த இடம் காலா தலையா என்பதோடு கேள்வி முடிந்துவிடாது, அத்தனை எலும்பையும் வேண்டுமென்றே உடைத்த அந்தக் காயங்கள் சேர்ந்து ஒரு மனிதனைச் சாகடிக்கப் போதுமா என்று பார்க்க வேண்டும் என்று அதில் விளக்கமாக எழுதியிருக்கிறார்கள். எது கொலை என்று சொல்லும் 300-வது பிரிவின் மூன்றாவது பகுதி என்பார்கள். "கொல்ல நினைக்கவில்லை" என்று அடித்தவர் சொன்னால் மட்டும் அந்தப் பகுதியிலிருந்து தப்ப முடியாது. அந்தக் காயத்தை உண்டாக்க நினைத்தாரா, அந்தக் காயம் போதுமானதா, இந்த இரண்டும்தான் கேள்வி.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். என்ன நடந்தது என்பது ஒன்று. நடந்ததற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்பது இன்னொன்று. கீழ்க்கோர்ட்டும் மேல்கோர்ட்டும் முதல் விஷயத்தில் ஒத்துப்போகலாம், இரண்டாவதில் கீழ்க்கோர்ட் தவறியிருக்கலாம். நீங்கள் சொன்ன தென் ஆப்பிரிக்கா வழக்கிலும் நடந்தது இதுவேதான். அங்கே அரசுத் தரப்பு அப்பீல் போனால் சட்டக் கேள்வியை வைத்துத்தான் போக முடியும், சாட்சியை முதலிலிருந்து விசாரியுங்கள் என்று கேட்க முடியாது. நீதிபதி எரிக் லீச் என்ன சொன்னார் என்றால், கதவுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பது இங்கே பொருட்டே இல்லை, அந்தச் சின்ன அறைக்குள் நான்கு குண்டு சுட்டால் உள்ளே இருப்பவர் செத்துப்போகக்கூடும் என்று தெரிந்தே சுட்டிருக்கிறார், அது போதும் என்றார்.

யாரைக் குறி வைத்தாய் என்பது முக்கியமில்லை என்கிற விஷயம் நம் மண்ணில் 1912-லேயே வந்துவிட்டது. அப்போது வட ஆந்திரா சென்னை மாகாணத்தில் இருந்தது. ஒருவர் இன்ஷூரன்ஸ் பணத்துக்காக இன்னொருவருக்கு விஷம் கலந்த அல்வா கொடுத்தார். அவர் கொஞ்சம் தின்று, ருசி பிடிக்காமல் எறிந்துவிட்டார், பிழைத்தும் கொண்டார். எறிந்ததை ஒரு சின்னப் பெண் எடுத்துத் தின்று இறந்துபோனாள். விஷம் வைத்தவருக்கே உறவுக் குழந்தை. கீழ்க்கோர்ட் கொலை முயற்சி மட்டும் என்று ஏழு வருஷம் கொடுத்தது. அரசு அப்பீல் போக, சென்னை ஹைக்கோர்ட் அந்தக் குழந்தையைக் கொன்ற குற்றத்துக்கு ஆயுள் முழுக்க நாடுகடத்தல் விதித்தது. அதிலும் நீதிபதி சுந்தர ஐயர் ஒத்துக்கொள்ளாமல் தனியாக எழுதினார். அதைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மேலே இருக்கிற நீதிபதிகளுக்குள்ளேயே கருத்து வேறுபடும், அதனால் கீழ்க்கோர்ட் நீதிபதி விலைபோனார் என்று டீக்கடையில் பேசுவது பெரும்பாலும் அவசரப் பேச்சு.

சித்தி அப்பீல் போட்டதைப் பழி என்று சொல்பவர்களிடம் சொல்லுங்கள், 2009 கடைசியில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையே திருத்தி, அதன் 372-வது பிரிவில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்த உரிமையைக் கொடுத்தார்கள். விடுதலை செய்தாலும் போகலாம், குறைந்த குற்றம் என்று தீர்த்தாலும் போகலாம். அதற்கு முன்னால் அரசாங்கம் மனசு வைத்தால்தான் உண்டு, எத்தனையோ தாய்மார்கள் எங்கள் ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள். இறந்தவரின் வாரிசுகளும் அந்தச் சட்டப்படி பாதிக்கப்பட்டவர்கள்தான். வருஷத்தைக் கூட்டுங்கள் என்று மட்டும் கேட்டு உங்கள் சித்தி போக முடியாது, அது அரசின் வேலை. குற்றத்தின் பெயர் தவறு என்று போகலாம். அவர் போனது அதற்குத்தானே.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன், மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். கீழே கொலையிலிருந்து விடுபட்டவருக்கு ஹைக்கோர்ட் ஆயுள் கொடுத்தால், அவர் யார் அனுமதியும் கேட்காமல் உரிமையாக சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகலாம். போவார்கள்.

ஷொர்ணூர் பாசஞ்சர் எழுதியது:

அக்கா, உங்கள் இழப்புக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் ஊர்ப் பேச்சைப் பற்றி நான் வேறு பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வாளையார்க்காரன். 2011-ல் திருச்சூரில் நகைப் பட்டறையில் வேலை, வாரா வாரம் ரயில். அந்த பிப்ரவரி 1-ம் தேதி எர்ணாகுளம் ஷொர்ணூர் பாசஞ்சரில் போன ஒரு பெண் ரயிலிலிருந்து விழுந்து, பலாத்காரம் செய்யப்பட்டு, பிறகு இறந்துபோனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். குற்றவாளி கோவிந்தசாமி தமிழ்நாட்டுக்காரன். பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனாலும் "நிங்ஙளுடெ நாட்டுகாரன்" என்று ஒருவர் சொன்னார், எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் நான் என்ன செய்தேன் என்றால், எல்லோரையும் விடச் சத்தமாக, தூக்கில் போட வேண்டும் என்று பேசினேன். அந்தப் பெண்ணுக்காகப் பேசினேன் என்றுதான் அப்போது நினைத்தேன். நான் அவனைச் சேர்ந்தவன் இல்லை என்று காட்டுவதற்கும் சேர்த்துப் பேசியிருக்கிறேன் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

அந்த வழக்கு உங்கள் வழக்குக்கு நேர் எதிராகப் போனது. 2011 நவம்பரில் திருச்சூர் விரைவு நீதிமன்றம் தூக்கு, 2013 டிசம்பரில் கேரள ஹைக்கோர்ட் அதை உறுதி செய்தது, 2016 செப்டம்பர் 15 அன்று சுப்ரீம் கோர்ட் கொலைக்குற்றத்தை மட்டும் எடுத்துவிட்டது. பலாத்காரத்துக்கான ஆயுள் தண்டனை அப்படியே இருந்தது. அன்றைக்குக் கேரளா முழுக்கக் கொதித்தது. தூக்கு போனது என்றதும் ஆளையே விட்டுவிட்டார்கள் என்று நினைத்தவர்கள் நிறையப் பேர், நானும் ஒருவன். பிறகு பொறுமையாகப் படித்தேன். அவன்தான் ரயிலிலிருந்து தள்ளினான் என்பதற்குச் சந்தேகமில்லாத ஆதாரம் இல்லை, அவள் குதித்ததாகப் பெட்டியில் ஒருவர் சொன்னதாகச் சாட்சிகளே சொல்லியிருக்கிறார்கள் என்பது கோர்ட்டின் காரணம். ஓய்வுபெற்ற நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அது தவறு, 300-வது பிரிவைச் சரியாகப் பார்க்கவில்லை என்று எழுதினார். குமாஸ்தா அண்ணா சொன்னாரே அதே மூன்றாவது பகுதி! கோர்ட் அவரையே நேரில் கூப்பிட்டுக் கேட்டது, கடைசியில் மறுசீராய்வைத் தள்ளி, எழுதிய விதத்துக்காக அவமதிப்பு நோட்டீஸும் கொடுத்தது. எனக்கு இன்னமும் மனசு ஆறவில்லை, கட்ஜு சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் படித்துவிட்டுக் கோபப்படுவதும் படிக்காமல் கோபப்படுவதும் ஒன்றில்லை.

அதனால் சொல்கிறேன், வெடி வெடித்த பையன்களை யாராவது கூப்பிட்டுப் பேச வேண்டும். உங்கள் தம்பிக்காக வெடித்தார்களா, அந்தக் குடும்பத்தின் மேல் இருக்கிற பழைய கணக்குக்காக வெடித்தார்களா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. ஹைக்கோர்ட் தீர்ப்பு சரி என்றே வைத்துக்கொள்வோம், அதை எழுதியவர்கள் வெடிச் சத்தத்துக்காக எழுதவில்லை. நாளைக்கு சுப்ரீம் கோர்ட் மாற்றினால் அந்தப் பக்கம் வெடிப்பார்கள், உங்கள் சித்தி அதையும் கேட்க வேண்டியிருக்கும்.

வண்டிப்பெரியார் லயம் எழுதியது:

டீச்சர், எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் உங்களுக்கே ஞாபகம் வரும். 2021-ல் ஒரு எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஆறு வயதுக் குழந்தை கொல்லப்பட்டது. 2023 டிசம்பரில் கட்டப்பனை கோர்ட் குற்றம் சாட்டப்பட்டவரை விடுதலை செய்தது. அன்றைக்கு நாங்கள் யாரும் கொழுந்து கிள்ளுகிற நிலையில் இல்லை. அந்த வழக்கில் எது சரி என்று நான் இங்கே பேசப் போவதில்லை. ஆனால் சித்தி கேட்டாரே, "கொல்லலீங்கறாங்களா" என்று, அந்தக் கேள்வி எனக்கு நன்றாகப் புரிகிறது. ஏழு வருஷமா பதினாலு வருஷமா என்பது வெளியாட்கள் போடும் கணக்கு. பெற்றவளுக்கு அந்த ஒரு வார்த்தை வேண்டும், அதுவும் கோர்ட் வாயிலிருந்து வேண்டும்.

நீங்கள் சொன்ன தென் ஆப்பிரிக்க வழக்கில் 2017-ல் தண்டனையை இன்னும் கூட்டி 13 வருஷம் 5 மாதம் ஆக்கினார்கள், 2024 ஜனவரியில் அவர் பரோலில் வெளியே வந்துவிட்டார். அப்போது ரீவாவின் அம்மா, உயிரோடு மிஞ்சியிருக்கிற நாங்கள்தான் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறோம் என்ற அர்த்தத்தில் அறிக்கை கொடுத்தார். சித்தி கதவைச் சாத்திக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அந்தப் பெண் குழந்தையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடைசி பெஞ்சிலிருந்து கூப்பிட்டு ஏதாவது வேலை கொடுங்கள், நோட்டு அடுக்கச் சொல்லுங்கள், போர்டு துடைக்கச் சொல்லுங்கள். தனியாக அழைத்து அறிவுரை சொல்லப் போனால் இன்னும் சுருங்கிவிடும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. குமாஸ்தா அய்யா, நீங்கள் சொன்ன புன்னய்யா வழக்கு எங்கள் ஹைக்கோர்ட் தீர்ப்பிலேயே இருக்கிறது, உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் நகலை எடுத்து மறுபடி பார்த்தேன். முதல் தடவை படித்தபோது அந்தப் பெயர் கண்ணில் படவே இல்லை.

வாளையார்த் தம்பி, நீங்கள் எழுதியது எனக்குக் கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. எங்கள் வீட்டில் பறிகொடுத்துவிட்டு, வெடித்தவர்களையும் நாங்களே அடக்க வேண்டுமா என்று தோன்றியது. ஆனால் அந்தப் பையன்களில் ஒருவனுக்கும் அந்தத் தோட்டத்துக்கும் வரப்புத் தகராறு இருப்பது உண்மை. என் வீட்டுக்காரரை விட்டுப் பேசச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணை நேற்று வருகைப் பதிவேட்டை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன். கொடுத்துவிட்டு வந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அய்யா, ஒரு உதவி. சித்தி, "மாத்தி எழுதுன எடத்தை மட்டும் எனக்குத் தமிழ்ல எழுதிக் குடு, வெச்சுக்கறேன்" என்கிறார். ஒரு பத்திதான். அதில் காயத்தைப் பற்றி வருகிற அந்தச் சட்ட வாசகத்தை எப்படி எழுதுவது? நான் எழுதினால் பாடப்புத்தகம் மாதிரி வருகிறது.

நகரி குமாஸ்தா எழுதியது:

"இயற்கையின் சாதாரணப் போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமான காயம்" என்று எழுதுங்கள் அம்மா, பேப்பரில் அது இருக்கட்டும். வாசித்துக் காட்டும்போது, அப்படி அடித்தால் சாதாரணமாக உயிர் போய்விடும், அதனால் இது கொலைதான் என்று கோர்ட் சொல்லியிருக்கிறது என்று சொல்லுங்கள். பத்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஓரத்தில் நம்பரும் போட்டுவிடுங்கள், சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகிறபோது வக்கீல் கேட்பார்.